பனிக்குப் பின்னால் ஒரு தக்காளி வயல்

தோழி பாரதி கணினியின் பழைய கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் அருள்ராணி அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். உள்ளங்கை அளவுதான். புதியது செங்கல் கனம், மூன்று விசிறிகள். அதற்காகவே பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியிருந்தது.

"உன் வூட்டு ஃப்ரிட்ஜ விட இது கரண்ட்டு குடிக்கும்டி. ஒரு கேமுக்கா இத்தன?" என்றாள் பாரதி.

"நான் எங்க வெளையாடறேன்? அவன் கட்டுன ஊரு தொறந்தா போதும்."

அருள்ராணியின் தம்பி ஜோஸ்வின் போன வருடம் அதியமான்கோட்டை அருகே லாரி மோதி இறந்தான். அவன் கணினிக்குள், ஊர் கட்டும் விளையாட்டு ஒன்றில், வீடுகளும் தெருக்களும் ஒரு சிறிய மாதா கெபியுமாக அவன் எழுப்பிய ஊர் மிஞ்சியது. ஞாயிறு பூசை முடிந்து வந்து அருள்ராணி அதைத் திறந்து பார்ப்பாள். எதையும் தொடமாட்டாள். அவன் விட்டபடியே இருக்க வேண்டும். போன வாரம் விளையாட்டு தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, பழைய கார்டில் இனித் திறக்காது என்றுவிட்டது.

"ஊரச் சுத்தி பனி இருக்கும் பாரு. சித்தேரி மல மாதிரியே வெச்சிருக்கான்."

பாரதி சிரித்தாள். "பனியா? அது ஏமாத்து வேலடி."

ஒவ்வொரு இலையையும் கார்டு நொடிக்குப் பலமுறை புதிதாக வரைய வேண்டும். இளைத்த கார்டுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. அதனால் கொஞ்ச தூரத்தில் பனியைத் திரைபோலத் தொங்கவிட்டு, அதற்கு அப்பால் எதையும் வரையாமல் விட்டுவிடும்.

"வரையாத எடத்துல நேரமும் ஓடாது. யாரும் பாக்காத எடத்துல மிசினு எதுக்கு மாரடிக்கணும்?"

கணினி உயிர்பெற்று, ஊர் திறந்தது. பனி இல்லை. தெரு முடியும் இடத்தில் ஒரு தக்காளி வயல் கிடந்தது. இரண்டிலை விட்ட நாற்றுகள். கருத்த ஈர மண்.

"இப்பத்தான் தண்ணி உட்டாப்ல இருக்குதே."

"அவன் உட்டதுதான். ஊத்திட்டு இந்தப் பக்கம் வந்திருக்கான். அதோட அங்க நேரம் நின்னுபோச்சு." பாரதியின் குரல் தணிந்தது. "இப்ப நாம பாக்கறோம். இனிமே ஓடும்."

மண் ஓரங்களில் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

"ஆஃப் பண்ணுடி."

"பண்ணலாம். ஆனா புது வெர்சன்ல தானாவே சேவ் ஆயிடும். காஞ்சது காஞ்சதுதான்."

"மழ வராதா?"

"இதுல மழையே கெடையாது. யாராச்சும் கொடத்த எடுத்து ஊத்துனாத்தான் நனையும்."

நாற்றுகளின் தலை சாய்ந்துகொண்டிருந்தது. அருள்ராணி முதன்முறையாக மவுஸின் மேல் கைவைத்தாள். திரைக்குள் தெருவைத் தாண்டி, கெபியைத் தாண்டி நடந்தாள். வரப்பை எட்டியபோது பாரதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வயலின் மறுகோடியில், கடைசி வரிசையில், வெளுத்த மண் நனைந்து கருத்தது. முதல் நாற்றின் அடியில். சற்று நின்று, அடுத்ததன் அடியில்.

"அது வந்து, என்னன்னா..." என்று தொடங்கிய பாரதி திரையருகே குனிந்தாள். விசிறிகளின் இரைச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஈரம் ஒவ்வொரு நாற்றிலும் நின்று நின்று, வரப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.