இரண்டு கைகளில் ஒரு ஆலா

நைனாவின் வலது கையை மடிமேல் வைத்துக்கொண்டு, பவானி அதில் பச்சை குத்தியிருந்த பறவையின் வாலை வரைந்துகொண்டிருந்தாள். தோலின்மேல் போட்டிருந்த கண்ணாடித்தாள் சற்று நழுவியது. கட்டை விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேனா முனையை மறுபடி இறக்கைக்குக் கொண்டுபோனாள். கை இன்னும் விறைக்கவில்லை. விடிந்ததும் டீ கேட்டு வாங்கி, பாதி குடித்து, டம்ளரைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது.

வெளியே சாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவிட்டு உள்ளே வந்த ரவிக்குமார் தங்கையைப் பார்த்து நின்றான்.

"இன்னாடி பண்ணிகினு கீற?"

"பறவைய எடுத்துக்கறேண்ணா. பொட்டி வந்துட்டா அப்புறம் கை கெடைக்காது."

அவன் குனிந்து, அவளுக்கு வாகாக நைனாவின் முழங்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தான்.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன இடம்தான் பவானியின் டாட்டூ கடை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பறவைதான் வேண்டும். எந்தப் பறவைக்கு என்ன பொருள் என்று போனில் பார்த்துவிட்டும் வருவார்கள். தகைவிலான் குருவி குத்தினால் போனவர் திரும்பி வருவார், ஃபீனிக்ஸ் என்றால் விழுந்தவர் எழுந்தார், கழுத்தோரம் பறக்கிற குருவிக் கூட்டம் விடுதலை. பவானியே இதையெல்லாம் படம் போட்டு, கீழே பொருள் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். சாயங்காலம் டீ வாங்கிக்கொண்டு வரும் நைனா அந்தச் சுவரை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துவிட்டுத்தான் உட்காருவார். 'ஆந்தைக்கு இன்னா போட்டுக்கீற? அறிவா? சரி சரி' என்று சிரிப்பார்.

அவர் கையில் இருந்தது ஆலா. கடல்மேல் கூட்டமாகச் சுற்றி, தலைகுப்புறப் பாய்ந்து மீன் எடுக்கிற வெள்ளைப் பறவை. கையில் அது பச்சையாக, ஓரங்கள் கலங்கி, வயிறு பெருத்துப் போயிருந்தது. துறைமுகத்தில் அவருடைய தோஸ்துகள் அதைக் கோழி என்றுதான் சொல்வார்கள். ஓரத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று பவானி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவர் விட்டதில்லை. அதற்கு என்ன பொருள் என்று கேட்டதற்கு மட்டும் ஒருநாள் பதில் சொன்னார்.

"கடல்ல போனா மூஞ்சி நிக்காதும்மா. பச்சை நிக்கும். அவ்ளோதான் அர்த்தம்."

பவானிக்கு அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதை தெரு முழுவதும் தெரிந்ததுதான். அவள் பிறப்பதற்கு முன்பு, நைனா எதிராஜும் அவருடைய கூட்டாளி தேசப்பனும் ஒரே போட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். திருவொற்றியூர் திருவிழாவில் பச்சை குத்துகிறவரிடம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தாளில் இருந்த ஒரே ஆலாவை வலது கையில் குத்திக்கொண்டார்கள். அடுத்த புயலில் போட் கவிழ்ந்தது. சில நாள் கழித்து எண்ணூர்ப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை. வயிற்றில் பவானியைச் சுமந்துகொண்டு மணலில் ஓடிய குப்பம்மா, கையைப் பார்த்தாள், பறவையைப் பார்த்தாள், விழுந்தாள். தன் புருஷன் என்று அழுதாள். கரையிலேயே அவளுக்குப் பூ வைத்து, எடுத்து, வளையல் உடைத்து, பொட்டழித்தார்கள். சின்னப் பையனான ரவிக்கு மொட்டை போட்டு, மண் தள்ளச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம், ஆந்திராவிலிருந்து வந்த மீன் லாரியிலிருந்து எதிராஜ் இறங்கினார். யாரோ கடலில் தூக்கி, ஆஸ்பத்திரியில் போட்டு, நினைவு வர அத்தனை நாளாகியிருந்தது. தெருவே ஓடிவந்தது. அவர் உயிரோடு நடந்து வருவதைப் பார்த்த அந்தக் கணத்தில்தான், தன் புருஷன் எங்காவது பிழைத்துக்கிடப்பான் என்று காத்திருந்த தேசப்பனின் மனைவி கோவிந்தம்மாவுக்கு, புதைத்தது யாரை என்று தெரிந்தது.

எதிராஜ் மறுபடி திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்க் குப்பம்மாவுக்குத் தாலி கட்டினார். 'ஒரே பொண்ண ரெண்டு தபா கட்னவன் இந்தக் கரையில நான்தான்' என்று சொல்லிக்கொள்வார். குப்பம்மா மட்டும் அந்தப் பேச்சுக்குச் சிரிக்க மாட்டாள். கோவிந்தம்மாவோ பொட்டை அழிக்க விடவே இல்லை. பிணத்தையே பார்க்காமல் யாருக்கு அறுப்பது என்று கேட்டாள். கேட்டவர்கள் ஓய்ந்துபோனார்கள். காசிமேட்டில் மீன் விற்றுக்கொண்டு, நெற்றி நிறையப் பொட்டோடு பக்கத்துத் தெருவிலேயே இருந்தாள். கடலிலிருந்து வரும்போதெல்லாம் எதிராஜ் குழம்புக்கென்று ஒரு பங்கு மீனை அவள் வாசலில் வைப்பார். எடுத்துக்கொள்வாள். ஆனால் இந்த வீட்டு வாசலை அவள் மிதித்ததில்லை. மீன் ஏலத்தில் குப்பம்மா எதிரில் வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள்.

போன வாரம் நைனாவுக்கு முகம் மழித்துவிட்டபோது, மூச்சு வாங்கிக்கொண்டே அவர் பவானியிடம் ஒன்று சொன்னார்.

"ஒங்கம்மாவ இன்னொரு தபா அப்டி குந்த வெக்காதீங்க. ஒரு தபா குந்துனதே இன்னும் ராவுல எய்ந்து கையத் தடவிப் பாக்குறா, வளையலு கீதான்னு."

பவானி சரி என்று தலையாட்டினாள். ஆட்டுவது எளிதாக இருந்தது.

மத்தியானத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. மேளம் வந்தது. நாற்காலிகள் வந்தன. வாசலில் உட்கார்ந்து தலையைக் கொடுத்திருந்த ரவி, 'எங்க நைனாவுக்கு இது எனக்கு ரெண்டாவது மொட்டண்ணே' என்று நாவிதரிடம் சொல்ல, அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கத்தியைத் துடைத்துக்கொண்டார்.

நைனாவின் அக்கா தட்டோடு வந்தாள். தட்டில் மல்லிகைப்பூ, குங்குமம், மஞ்சள், காகிதத்தில் சுற்றிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். பிணம் எடுப்பதற்கு முன் குப்பம்மாவுக்குப் பூ வைத்து, வளையல் அடுக்கிப் புருஷன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். பத்தாம் நாள் அதையெல்லாம் எடுக்க வேண்டும்.

குப்பம்மா சுவரோடு சாய்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பவானி நடுவில் போய் உட்கார்ந்தாள். நைனா சொன்னதைச் சொன்னாள். அம்மாவுக்கு இது ஏற்கனவே நடந்துவிட்டது, இனி வேண்டாம் என்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தை கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தம்பியைப் பறிகொடுத்து அழுது வீங்கிய கண்ணோடு, பொறுமையாகத்தான் பேசினாள். பச்சை குத்துகிற கடையில் யார் கேட்டாலும் வரைந்து கொடுப்பதுபோல் இதை மாற்றி வரைய முடியாது, நாளைக்கு ஒரு கல்யாணத்தில், ஒரு சீமந்தத்தில் இவளை வைத்துக்கொண்டு நான்கு பேர் முணுமுணுத்தால் யார் பதில் சொல்வது என்றாள்.

"அதோ ரவி ரெண்டாவது தபா மொட்டை போடல? இவளும் பண்ணா இன்னா?"

"அவனுக்கு முடி மொளைக்கும் அத்த."

பவானி அண்ணனைப் பார்த்தாள். பாதி மழித்த தலையோடு வாசலிலிருந்து எட்டிப் பார்த்த ரவி, ஊரில் தலைகாட்ட வேண்டுமே என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தை குப்பம்மாவின் தோளில் கைவைத்தாள். "வா குப்பு" என்றாள். அத்தனை பேர் பார்க்கையில், பழகிய உடம்பு தானாக எழுந்திருப்பதுபோல் குப்பம்மா எழுந்திருக்கப் போனாள். பவானி அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் வாசலில் மேளம் நின்றது. கூட்டம் வழி விட்டது. கோவிந்தம்மா வந்துகொண்டிருந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். புடவையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. நெற்றியில் பெரிய பொட்டு.

அவள் யாரையும் பார்க்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, மூடியைத் திறக்கச் சொன்னாள். ரவி எழுந்து வந்து திறந்துவிட்டான். கோவிந்தம்மா மண்டியிட்டு எதிராஜின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வலது கையை மெதுவாகத் திருப்பி அந்தப் பறவையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஒரு விரலால் அதன் அலகிலிருந்து வால்வரை தடவினாள். வருஷக்கணக்காக மீன் வைத்துவிட்டுப் போன கை அது. அவள் பார்க்கக் கிடைக்காமல் போன இன்னொரு கையிலும் இதே பறவைதான் இருந்தது.

எழுந்து திரும்பியபோது அத்தையின் தட்டு அவள் கண்ணில் பட்டது. முந்தானைக்குள் மறைந்திருந்த குப்பம்மாவின் கைகளும் பட்டன.

"யாருக்குக்கா இது?" என்று அத்தையிடம் கேட்டாள்.

அத்தை சொன்னாள்.

"இவளுக்குத்தான் ஆயிட்ச்சே."

"அது தப்பா நடந்ததுடி கோயிந்து."

"தப்பா நடக்கல. எம் புருசனுக்கு நடந்துச்சி." கோவிந்தம்மாவின் குரல் ஏலத்தில் கேட்கிற குரல் இல்லை. "நான் இல்லாத எடத்துல இவ இருந்தா. வயித்துப் புள்ளயோட மண்ணுல பொரண்டு அயுதா. தேசப்பன் அயுவ ஆளில்லாம போவல. நானா இருந்தாலும் பறவையத்தான் பாத்திருப்பேன்."

கடைசி வாக்கியத்தை அவள் அத்தையைப் பார்த்துச் சொல்லவில்லை. குப்பம்மா தலையைத் தூக்கினாள்.

கோவிந்தம்மா தட்டிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். மற்றவர்களுக்குப் புரிவதற்குள் பச்சை வளையல்களை ஒவ்வொன்றாகத் தன் கையிலேயே ஏற்றினாள். கூடை தூக்கித் தடித்த கை, வளையல்கள் இறங்க மறுத்தன. விடவில்லை. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பெட்டியின் காலடியில் உட்கார்ந்தாள்.

"எம் புருசனுக்கு இவ பண்ணா. இவ புருசனுக்கு நான் பண்றேன். சரியாப் போச்சா?"

இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அடித்தாள். சிமெண்டுத் தரையில் பச்சைக் கண்ணாடி சிதறியது. மறுபடி அடித்தாள். பிறகு அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை. யாரோ அவள் நெற்றிப் பொட்டை நோக்கிக் கை நீட்டியபோது மட்டும், அழுகைக்கு நடுவில் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அது என்னுது. அது நிக்கும்."

அத்தை கொஞ்சநேரம் தட்டைக் கையில் வைத்திருந்தாள். பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, மல்லிகையை எடுத்துத் தம்பியின் காலடியில் போட்டாள்.

"கோயிந்து" என்றாள் குப்பம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. "கையில ரத்தம் வருதுடி."

ஆண்கள் இடுகாட்டிலிருந்து வந்து குளித்து, வெளியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த சாயங்காலத்தில், நைனா படுத்திருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. கோவிந்தம்மா இன்னும் போகவில்லை. சுவரோடு சாய்ந்திருந்த அவளுடைய மணிக்கட்டில் குப்பம்மா மஞ்சள் குழைத்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தபா வஞ்சிரம் விலை என்ன என்று குப்பம்மா கேட்டாள், கோவிந்தம்மா சொன்னாள்.

பவானி டீ கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டே கோவிந்தம்மா, காலையில் பறவையை எதிலோ எடுத்தாளாமே, பார்க்கலாமா என்று கேட்டாள்.

பவானி பையிலிருந்து கண்ணாடித்தாளை எடுத்து நீட்டினாள். கோவிந்தம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கோயி மாறி கீது."

"நைனா கையிலயும் அப்டித்தான் சின்னம்மா இருந்துச்சி."

குப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறித் திரும்பிய பவானி, அம்மா சிரிப்பதைப் பார்த்தாள்.

"எனுக்கு இத்த குத்தி வுடுவியா?" என்றாள் கோவிந்தம்மா.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், கடைக்கு வாங்க, நல்லபடியாகக் குத்திவிடுகிறேன் என்றாள் பவானி. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் அப்படியே விட மனம் வரவில்லை. கடைப் பையில் மை ஒட்டும் தாள் இருந்தது. படத்தை அதில் எடுத்தாள். கலங்கிய ஓரங்களைக் கொஞ்சம் தெளிவாக்கினாள், வயிற்றை அப்படியே விட்டாள். கோவிந்தம்மாவின் வலது கையை ஈரத் துணியால் துடைத்து, தாளை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தி, மெல்ல உரித்தாள். ஊதா நிறத்தில் ஓர் ஆலா இறக்கை விரித்து இறங்கியிருந்தது.

பவானி அந்தத் தாளைக் கசக்கப் போனாள். குப்பம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அதுல இன்னும் மை கீதா?"

"கொஞ்சம் கீதும்மா. லேசாத்தான் வுழும்."

குப்பம்மா வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். பவானி ஒருமுறைக்கு இருமுறை அழுத்திவிட்டு உரித்தாள். இரண்டாவது ஆலா வெளுத்திருந்தது. ஆனாலும் அலகு, வால், பெருத்த வயிறு எல்லாம் இருந்தன.

"ரெண்டு பேரும் ஆட்டாதீங்க" என்றாள் பவானி. "காயணும்."

விளக்குக்கு முன்னால் இருவரும் கையைப் பக்கத்தில் பக்கத்தில் நீட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.