எங்கள் தெருவில் மதியச் சாப்பாடு

ஃபாதர் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்தி காரணமில்லை. வெஸ்டர்ன் டாய்லெட்தான் காரணம். மூட்டுவலி வந்த பிறகு என் வீட்டுக்காரர் போட்டது. குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரில், இந்தத் தெருவில், அது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. போலந்து நாட்டிலிருந்து நான்கு இளைஞர்கள் வருகிறார்கள், நம் அந்தோணியார் கோயிலுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லித்தருவார்கள், அந்த வாரம் முழுக்க அவர்களுக்கு மதியச் சாப்பாடு ஞானமேரி வீட்டில் என்று பூசை முடிவில் அறிவித்தார். கோயிலுக்குள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? எங்கள் பங்குக் கோயிலில் சாமி ஒன்று, பூசை ஒன்று, சாதி இரண்டு. கன்னியர்கள் வந்தாலும் பிஷப்பே வந்தாலும் மெயின் ரோட்டுத் தெருவில்தான் சாப்பாடு. எங்கள் தெருவுக்கும் வருவார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. ஜெபம் சொல்வார்கள், பிள்ளைகள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். தண்ணீர் கொடுத்தால் மட்டும் "இப்பத்தான் குடிச்சேன்" என்பார்கள். ஃபாதர் புதுசு, ஊர் வழக்கம் தெரியாமல் சொல்லிவிட்டார் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். தெரிந்துதான் சொன்னார் என்று எனக்குப் பட்டது. அந்தச் சாப்பாட்டில் என் மானம் இருந்தது. அவர்கள் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் போதும், அப்புறம் யார் வந்தாலும் இந்தத் தெருவைத் தாண்டிப் போக முடியாது.

பஸ் ஸ்டாப்பில் நான் வைத்திருக்கும் ஃபேன்சி ஸ்டோரை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றேன். காரம் குறைத்துக் கோழிக் குழம்பு, மிளகு ரசம், அவரைக்காய்ப் பொரியல். கடலூரில் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தவர்களை லூர்து பிரகாஷ் வேனில் கூட்டி வந்தான். கடலூர் பையன், மறைமாவட்ட இளைஞர் குழுவில் இருக்கிறான், இங்கிலீஷ் பேசுவான். அவன் அம்மா பிறந்தது எங்கள் மெயின் ரோட்டுத் தெருவில்தான்.

வந்ததில் ஒருத்தி அக்னியெஷ்கா. யார் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை, ஆக்னஸ் என்று வைத்துவிட்டோம். கொத்தமல்லித்தண்டு மாதிரி ஒரு பெண். கை முழுக்கக் கொசுக்கடி. பிள்ளைகள் அவள் முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கையையும் விரித்து ஆட்டி, "நோ, நோ, தேங்க் யூ" என்றாள்.

"அவுங்க வெளித்தண்ணி குடிக்க மாட்டாங்க ஆன்ட்டி, வயித்துக்கு ஒத்துக்காது" என்றான் பிரகாஷ். "சாப்பாடும் சிதம்பரத்துல பார்சல் வாங்கிட்டோம். நீங்க செரமப்படாதீங்க."

"ஆக்கி வச்சிட்டேனே தம்பி."

"நைட்டுக்கு ஆவும்ல?" என்றான்.

கோயில் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். என் குழம்பு அடுப்பிலேயே ஆறியது. எதிர்வீட்டு ஜான்சி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, வெள்ளக்காரனுக்கே நம்ம தெரு தெரிஞ்சிபோச்சா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். நான் குழம்புச் சட்டியை மூடி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமையும் பார்சல்தான். நான் ஆக்கியதைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். ஃபாதருக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று நினைத்தேன். சாப்பிட ஆள் அனுப்புங்கள் என்று கேட்பதும் ஒரு பிழைப்பா என்று விட்டுவிட்டேன். வயிறு சரியில்லாதவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

புதன்கிழமை நான் சோறும் ரசமும் இறக்கிய நேரத்தில் ஆக்னஸ் டாய்லெட் போக வீட்டுக்கு வந்தாள். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்து கிடந்தது. என் மகள் மேரி ஷாலினி சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள், அன்று காலேஜுக்குப் போகாமல் இருந்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நடுவில் ஷாலினி முகம் மாறியது.

"என்னாடி?"

"நேத்து சாயங்காலம் மெயின் ரோட்டுத் தெருவுல ஒரு வீட்டுக்கு இட்டுகினு போயிருக்காரும்மா பிரகாஷ் அண்ணன். காபி, முறுக்கெல்லாம் சாப்ட்டாங்களாம். ரொம்ப நல்லா இருந்திச்சின்னு சொல்லுது."

"வயித்துக்கு ஒத்துக்காதுன்னானே?"

ஷாலினி அவளிடம் கேட்டுவிட்டுச் சொன்னாள். பச்சைத் தண்ணீர் வேண்டாம், கொதிக்க வைத்ததும் சூடாகச் சமைத்ததும் தாராளமாகச் சாப்பிடலாம் என்றுதான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வீட்டில்தானே சாப்பாடு என்று முதல் நாளே ஆக்னஸ் பிரகாஷைக் கேட்டிருக்கிறாள். "அவர்கள் ஏழைகள், நாம் சாப்பிட்டால் அவர்களுக்குக் கஷ்டம், கொடுத்தால் அன்பாக மறுத்துவிடு" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, கடை இருக்கிறது, மகள் நர்சிங் படிக்கிறாள், இவர்கள் உட்கார டாய்லெட்டும் இருக்கிறது. நாங்கள் ஏழையாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது சும்மா வந்த பேச்சில்லை.

"சூடா ஒரு வாய் சாப்புடுதான்னு கேளு."

கேட்டதுதான் தாமதம், அந்தப் பெண் தரையில் சம்மணம் போட முயன்று ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீரை அவள் கண்ணெதிரே கொதிக்க வைத்துச் சீரகம் போட்டு ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரில் வாயை வைத்து மடக்மடக்கென்று குடித்தாள். சோற்றைக் கையால் அள்ளத் தெரியவில்லை, பாதி மடியில் விழுந்தது. ரசத்தை இரண்டாம் தடவை கேட்டாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை, அவளுக்குப் பசி.

பார்சல் பையோடு பிரகாஷ் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஆன்ட்டி, இவுங்களுக்கு எதுனா ஆச்சின்னா நான்தான் பதில் சொல்லணும்."

"கொதிக்க வச்ச தண்ணி, ஆவி பறக்கற சோறு. ஒண்ணும் ஆவாது. உள்ள வாங்க."

வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கையில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்.

"ஒங்களுக்கும் வயிறு செரியில்லியா தம்பி? நீங்களும் போலந்தா?"

"அப்பிடிலாம் இல்ல ஆன்ட்டி. நான் வெளிய எங்கயும் சாப்புடறதில்ல."

"நேத்து எங்க காபி குடிச்சீங்க?"

ஷாலினி "எம்மா, வுடும்மா" என்றாள். விடவில்லை. மூன்று நாளாக விட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

"ஞாயித்துக்கெழமை பூசையில ஒரே பாத்திரத்துலேர்ந்துதான நன்மை அப்பம் வாங்கறோம்? அது மட்டும் எப்பிடி எறங்குது?"

அவன் முகம் கறுத்தது. கோபமா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை. சீரகத் தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி அவன் முன்னால் நீட்டினேன். ஆக்னஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ரசம் வழியும் கையோடு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிரகாஷ் டம்ளரை வாங்கினான். நல்ல உயரத்துக்குத் தூக்கி, அண்ணாந்து, வாயைத் திறந்தான்.

"வாய் வச்சிக் குடிங்க தம்பி" என்றேன். "டம்ளர நான் கழுவிக்கறேன்."

கை அப்படியே நின்றது. மெதுவாக இறக்கி, உதட்டில் வைத்துக் குடித்தான். முழுவதும் குடித்தான். எதிர்வீட்டு வாசலில் ஜான்சி பார்த்துக்கொண்டு நின்றாள், இனி தெரு முழுக்கத் தெரிந்துவிடும். இதற்காகத்தான் காத்திருந்தேன், சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்க வைக்க இவ்வளவு கேட்க வேண்டியிருந்ததே என்று எனக்கு அழுகைதான் வந்தது.