அப்பா வந்ததும் முதலிலிருந்து

பிரார்த்தனை பாதியைத் தாண்டியிருந்தபோது படிக்கட்டில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

தையல்கடை மாடியில்தான் எங்கள் பிரார்த்தனைச் சங்கத்தின் கிளை. நான் வரி வரியாகச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நடுவில் யார் வந்தாலும் முதல் வரிக்குப் போய்விடுவோம். கடைசியாக வந்தவருக்கும் முழுசாகக் கிடைக்க வேண்டுமாம். தலைமைச் சங்கத்துக்கு இது ஆகவே ஆகாது. தொடங்கினால் நிறுத்தக் கூடாது என்பது அவர்கள் விதி. பலமுறை கண்டித்துப் பார்த்துவிட்டு, இன்று கண்காணிப்பாளரையே அனுப்பிவிட்டார்கள். விதியை மீறினால் கிளையையே கலைத்துவிடுவார்களாம்.

"இன்னிக்கு ஒரு நாள் நிறுத்தாம சொல்லிடு கண்ணு," என்றிருந்தார் கிளைத் தலைவரான தையல்கார மாமா.

"அப்பா வருவாரே மாமா?"

"உங்கப்பன் பஸ் ஓட்டுற அழகுக்கு, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வருவான்."

ஆனால் வந்துவிட்டார். வாசலிலிருந்தே உள்ளே புது ஆளைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. நீ சொல்லு என்று எனக்குக் கைகாட்டிவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தார். காக்கிச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. அடுத்த வரி நாக்கு நுனியில்தான் இருந்தது. சொல்ல முடியவில்லை.

"வரி மறந்துடுச்சாம்மா?" என்றார் கண்காணிப்பாளர்.

"இல்ல சார். அப்பா வந்துட்டாரு."

முதல் வரியைச் சொன்னேன். என் குரல் மட்டும் தனியாக நடுங்கியது. பிறகு மாமா சுருதியே இல்லாமல் உரக்கச் சேர்ந்துகொண்டார். பின்னாலேயே எல்லாரும். அப்பா உள்ளே வந்து, காலியாக இருந்த ஒரே இடத்தில், கண்காணிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முடித்துக் கண் திறந்தபோது, விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டிய அப்பா கண்காணிப்பாளர் தோளிலேயே சாய்ந்து தூங்கியிருந்தார். யாருக்கும் எழுப்பத் தைரியமில்லை.

"இதை நான் எழுதித்தான் ஆகணும்," என்றார் அவர், தாழ்ந்த குரலில்.

"தாராளமா எழுதுங்க சார்," என்றார் மாமா. "ஆனா நடுவுல யாராச்சும் வந்தா நீங்களும் முதல்லேருந்து எழுதணும்."

எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

என்ன எழுதுவாரோ, என்னால் எல்லாருக்கும் கிளையே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கண்ணை மூடினால் அவர்தான் தெரிகிறார். ஒற்றைக் கையால் பைக்குள் பேனாவைத் துழாவிக்கொண்டிருக்கிறார். அப்பா சாய்ந்திருந்த தோள் மட்டும் அசையவே இல்லை.