உள்பக்கத் தாழ்ப்பாள்

1

இந்தக் கதை ஒரு தாழ்ப்பாளால் வந்த வினை. என் மகள் தன் அறைக் கதவின் உள்பக்கம் அதைத் தானே மாட்டினாள். நாற்பது வருடம் பூட்டு ரிப்பேர் பார்த்தவன் வீட்டில், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! அந்தக் கோபத்தில் எழுத உட்கார்ந்தேன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி.

'நான்' என்று எழுதினால் எனக்கே நியாயம் பேசுவேன். 'கிழவர்' என்று வைத்துக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்: பெற்ற அப்பனையே திருடனாக நினைத்த ஒரு மகள்...

(அடித்துவிட்டேன். பொய்.)

இரண்டாவது: மகளுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் விடியற்காலை வேலை. மதியம் வந்து, கிழவருக்குச் சாப்பாடு போட்டு, இடுப்பில் தைலம் தேய்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு இரண்டு மணிக்குத் தலையைச் சாய்ப்பாள். உடனே குரல் வரும்.

"கண்ணாடி எங்கம்மா?"

"உங்க நெத்தியிலதாம்பா இருக்கு."

இது இருக்கட்டும், அடிக்கவில்லை.

3

தாழ்ப்பாள் மாட்டிய அன்று சொன்னாள். "ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் நான் வீட்ல இல்லைன்னு நெனச்சுக்குங்க. விழுந்தா, மூச்சு முட்டினா மட்டும் இந்த மணிய அடிங்க."

"செத்தா?"

"நாலு மணிக்கு மேல சாவுங்க."

சொன்னவளே சிரித்துவிட்டாள். கிழவர் சிரிக்கவில்லை.

(சிரித்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.)

4

தாழ்ப்பாள் விழும் சத்தத்திலேயே கிழவருக்குத் தெரிந்துவிட்டது: ஸ்க்ரூ குட்டை. ஒரு தள்ளு தள்ளினால் கையோடு வந்துவிடும்.

இரண்டரை மணிக்குச் சந்தேகம் வந்தது. உள்ளே தூங்குகிறாளா, இல்லை அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, என்னை எங்காவது கொண்டுபோய்ச் சேர்க்க... (என்னை அல்ல, கிழவரை.) சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவில் கையை வைத்தார். தள்ளுவதற்கு முன் காதையும் வைத்தார்.

குறட்டை. செத்துப்போன அவள் அம்மாவுடையது மாதிரியே, இழுத்து இழுத்து. கிழவரைப் பார்த்துக்கொள்ள வந்து இரண்டு வருடம் ஆகியும் அவள் குறட்டை விடுவாள் என்று கிழவருக்குத் தெரியாது. தூங்க விட்டிருந்தால்தானே தெரிய!

5

நாலு மணிக்குக் கதவைத் திறந்தாள். எதிரே நாற்காலியில் கிழவர், மடியில் பழைய டூல்ஸ் பெட்டி. அவள் கை சட்டென்று தாழ்ப்பாளைப் பொத்திக்கொண்டது.

"கழட்டப் போறீங்களாப்பா?"

"ஸ்க்ரூ குட்டை. தள்ளினா வந்துரும்."

"யாரு தள்ளப் போறா?"

"நான்தான்."

தாழ்ப்பாளிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"நான் யாரையும் நம்பறதில்ல. உனக்குத் தெரியாதா? என்னையும் சேத்துத்தான். இதோ, நீளமான ஸ்க்ரூ. நீ தாழ்ப்பாளப் பிடி."

அவள் பிடித்தாள். அவர் திருகினார்.

6

இங்கே முடித்தால் கிழவர் திருந்திவிட்டார் என்று நினைப்பீர்கள். நான் அந்த ஆளை நம்பமாட்டேன். திருகியது நேற்று. இன்று மணி இரண்டு பத்து. கதவு சாத்தியிருக்கிறது. கண்ணாடியைக் காணோம், எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரி

முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சத்தம் போடாமல், அவள் தூங்குகிறாள்.