ஓடைக்கரை விசில்

ஆக்ரே ஆற்றோரத்தில் காடு வெட்டிக்கொடுக்க வருகிறவர்களுக்குக் கூலி கிடையாது. கறிச்சோறு போட்டால் போதும். கறி இல்லாத வீட்டில் மதியத்துக்கு மேல் யாரும் நிற்கமாட்டோம். மறுநாள் நாங்கள் எங்கள் ஊர் வால்மிருக்குக் காடு வெட்டுவதாக இருந்தது. மழைக்கு முன் வெட்டி எரிக்காவிட்டால் அவனுக்கு மரவள்ளி விளைச்சல் இல்லை. வீட்டிலோ கறி இல்லை.

அன்று சாயங்காலம் வால்மிர் துப்பாக்கியோடு ஓடைக்கரையில் பதுங்கினான். டாபிர் என்ற, பன்றி மாதிரியான பெரிய காட்டு மிருகம் லத்தி போடுவது தண்ணீரில்தான், அதுவும் ஒரே இடத்தில். பனங்கொட்டை கலந்த புது லத்தி அங்கே மிதந்தது. சேற்றில் முன்காலின் நான்கு விரல்களும் பின்காலின் மூன்று விரல்களும் பதிந்திருந்தன.

அவ்வளவு கனத்த மிருகத்துக்குக் குருவியின் குரல். அதைப்போல விசிலடித்துத்தான் நாங்கள் அதைக் கூப்பிடுவோம். வால்மிர் விசிலடித்தான். அக்கரைப் புதரிலிருந்து பதில் வந்தது. இலைகளுக்கிடையே கறுப்பாக ஏதோ தெரிய, குறிவைத்தான்.

இன்னொரு தடவை விசிலடித்தான். பதில் அதே புதரிலிருந்து வந்தது. அதுதான் உறுத்தியது. டாபிருக்குக் கண் மங்கல். தும்பிக்கை போன்ற மூக்கைத் தூக்கி மோந்துகொண்டே நெருங்கி வரும். இது நகரவேயில்லை. வாயைத் திறந்தால் நாளைய கறி போய்விடும். இருந்தும் கத்தினான்.

"யாருடா அங்க?"

"சுட்டுடாத மச்சான்! நான்தான்!"

வால்மிரின் மனைவி நெய்டேயின் தம்பி ஒசியாஸ், துப்பாக்கியோடு எழுந்து நின்றான்.

"உன்னைக் குறிவச்சுட்டேண்டா, பாவி!"

"நானும்தான். விரல் விசையிலயே இருந்துச்சு."

"இங்க உனக்கென்ன வேலை?"

"நீ வெறுங்கையோடதான் வருவன்னு அக்கா அனுப்புச்சு."

இருவரும் துப்பாக்கியைத் தாழ்த்தியபோது, மேட்டுப்பக்கப் புதர் முறிந்தது. உண்மையான டாபிர் தலைகுனிந்து ஓடிவந்து ஓடையில் விழுந்து மூழ்கியது. வெகுதூரம் தள்ளி மூக்கு நுனி மட்டும் மேலே வந்து மறைந்தது.

மறுநாள் பீன்ஸும் மரவள்ளி மாவும்தான்.

"மச்சினனையாவது சுட்டிருக்கலாமே, கறி கிடைச்சிருக்கும்" என்றார் எங்களோடு வெட்ட வந்த கிழவர் அடவுட்டோ, வால்மிரிடம்.

"இவனையா? எலும்பை வச்சு என்ன பண்றது?" என்றாள் நெய்டே, தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் போட்டபடி.

மதியம் சாப்பிட்டதும் நாங்கள் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஒசியாஸ் மட்டும் வெளிச்சம் இருந்தவரை வெட்டினான். அந்த வருஷம் வால்மிர் பாதி நிலத்தில்தான் மரவள்ளி நட்டான்.