காளீஸ்வரியின் பயோடேட்டா

"மைனி, லோடு கிளம்பட்டும். அதுவரைக்கும் உள்ளாற இருங்க."

குருசாமி சத்தம் போடாமல்தான் சொன்னான். ஆனாலும் லாரி டிரைவரும் சுமைகாரர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். லோடு சீட்டில் ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது என்று சொல்லத்தான் காளீஸ்வரி தீப்பெட்டி ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். சீட்டைக் கொழுந்தன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். புருஷன் செத்து எட்டு மாதம். லோடு கிளம்பும்போது தாலியறுத்தவள் எதிரே வரக்கூடாதாம். அவன் ஆபீஸை நடத்திய பதினாலு வருஷமும் அதே வாசலில் நின்று லாரிகளை அனுப்பியவள் அவள்தான்.

உளுந்து அலசி முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டாள். மகள் சுதாராணி கல்லூரியிலிருந்து வந்ததும், வேலைக்கு மனுப்போடப் போவதாகச் சொன்னாள். புதிதாகத் திறந்திருக்கும் கடலைமிட்டாய் கம்பெனியில் பேக்கிங்குக்குச் சூப்பர்வைசர் தேடுகிறார்களாம். தீப்பெட்டியை விட்டு மிட்டாய்க்கா என்று சுதாராணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள்.

பெயர், வயது, படிப்பு எல்லாம் மளமளவென்று ஓடியது. அனுபவம் என்ற இடத்தில் நின்றது.

"ஒண்ணுமில்லன்னு போடு. வீட்லதான இருந்தேன்."

"தீக்குச்சி மருந்துக்குப் பதம் பாத்தது யாரும்மா?"

"நாந்தான்."

"ஐப்பசி மழையில குச்சி காயாமக் கெடந்தப்போ, முப்பது பொம்பளையாளையும் வச்சு ஒரு பண்டல் வீணாகாமக் காப்பாத்துனது?"

"அதும் நாந்தான். ஏட்டி, அதெல்லாம் ஒரு வேலையா?"

மகள் அத்தனையையும் தட்டினாள். ஒரு பக்கத்தில் முடியும் என்று நினைத்தது இரண்டு பக்கம் வந்தது. காளீஸ்வரி யாரோ பெரிய உத்தியோகக்காரியைப் பற்றி வாசிப்பதுபோல் வாசித்தாள். கூச்சமாக இருந்தது. இன்னொரு தரமும் வாசித்தாள்.

அனுபவச் சான்றிதழ் கேட்டதற்குக் குருசாமி மறுத்துவிட்டான். சொந்த வீட்டில் கூடமாட ஒத்தாசை செய்ததற்கு எவனாவது சர்டிபிகேட் கொடுப்பானா என்றான். சம்பளப் பட்டியலில் ஒரு மாதமாவது அவள் பெயர் உண்டா என்றும் கேட்டான்.

இல்லைதான். அவள் திரும்பி வந்து, விசாரிக்க வேண்டியவர் என்ற இடத்தில் அழகுத்தாய் பெயரையும் போன் நம்பரையும் போடச் சொன்னாள். அழகுத்தாய் ஆபீஸில் பண்டல் கட்டுகிறவள். கையெழுத்தையே தடவித் தடவித்தான் போடுவாள்.

மிட்டாய் கம்பெனி மேனேஜர் முத்துசெல்வம் இளவட்டம். தீப்பெட்டிக்கும் மிட்டாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

"ரெண்டுக்கும் ஈரக்காத்து ஆகாது சார். அது நமத்துப்போகும், இது பிசுபிசுத்துப்போகும்."

அவர் சிரித்துவிட்டு அழகுத்தாய்க்குப் போன் போட்டார். அங்கே கையெல்லாம் பசை என்று ஸ்பீக்கரில் போட்டிருப்பாள் போல. முதலில் அவள் குரல் கேட்டது, அப்புறம் ஆபீஸே பேசியது. மேனேஜர் போனை மேஜைமேல் வைத்துவிட்டார். காளீஸ்வரி அக்கா சண்டை போட்டுக் கழிப்பறை கட்டவைத்ததை ஒருத்தி சொன்னாள். மசக்கையாக இருந்தபோது மருந்து வாடை அடிக்காத இடத்துக்குத் தன்னை மாற்றிவிட்டதை இன்னொருத்தி சொன்னாள். நடுவே குருசாமியின் இருமல் கேட்டது. அழகுத்தாய் நிறுத்தவில்லை.

"அவிய இல்லாம எட்டு மாசமா இங்கன எதுவும் சரியில்ல சார். நீங்க எடுக்கலன்னா சொல்லுங்க, நாங்க திரும்பக் கூப்பிட்டுக்கிடுதோம்."

மேஜைக்கு இந்தப் பக்கம் காளீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்கும்போதே சிரிப்பும் வந்தது. திங்கட்கிழமை வந்து சேரும்படி மேனேஜர் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் டிபன் பையோடு தெருவாசல் வழியாகவே இறங்கினாள். ஆபீஸ் கேட்டில் குருசாமி ஓர் அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். நின்று வாசித்தாள்.

'பெண் சூப்பர்வைசர்கள் இருவர் தேவை. நல்ல சம்பளம்.'

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேலை சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

"சம்பளம் உண்டுன்னு போட்டிருக்கியளே, நல்லது தம்பி," என்று சொல்லிவிட்டு, அவள் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.