ஒவ்வாமைக் கட்டம்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்த மகனின் மனைவியைப் பெரியவள் என்றும் இளைய மகனின் மனைவியைச் சின்னவள் என்றும்தான் எல்லோரும் சொல்வார்கள். பெரியவள் நர்ஸ். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், அறுவை சிகிச்சை வார்டுக்குப் பொறுப்பாக இருந்தாள். பதினான்கு வருடமாக அதே மாடி. எந்த நோயாளிக்கு எந்த வருடம் என்ன ஆபரேஷன், யார் ஊசியைக் கண்டால் மயங்கி விழுவார், யாருடைய மச்சான் வந்து வாசலில் சண்டை போட்டான் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. டாக்டர்கள் அவளுக்கு 'டைரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபப்படுவதுபோல் முறைப்பாள். ஆனால் அந்தப் பெயர் உள்ளுக்குள் அவளுக்கு இனிக்கும்.

சின்னவள் மருந்தியல் படித்தவள். கல்யாணமான மறுவருடம் அதே ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே பெரியவள்தான். மருந்துப் பிரிவின் தலைவரிடம் போய், "நம்ம வீட்டுப் பொண்ணு சார், கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். ஆறே மாதத்தில், சொன்ன அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லையா என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

எல்லாம் தலைமை டாக்டர் நடத்தும் ஒரு புதன்கிழமைக் கூட்டத்தில் தொடங்கியது. சின்னவள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நம்ம கம்ப்யூட்டர்ல ஒவ்வாமைக் கட்டம் ரொம்ப மோசமா இருக்கு மேடம். வயித்தப் பெரட்டுச்சுன்னு ஒருத்தர் சொன்னதையும் அலர்ஜின்னு போட்டிருக்கோம், மூச்சே நின்னுபோனதையும் அலர்ஜின்னு போட்டிருக்கோம். ரெண்டுக்கும் ஒரே செவப்பு எச்சரிக்கைதான். ஒரு நாளைக்கு நூறு தடவ வந்தா டாக்டருங்க படிக்காமலே மூடிடறாங்க. சிலது கட்டத்துலயே இல்ல, குறிப்புல எங்கயோ ஒரு வரியா கெடக்கு. குறிப்புல எழுதினா கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கட்டத்துல போட்டாதான் மருந்து எழுதும்போது தடுக்கும்."

தலைமை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இத்தன வருஷமா இத ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டபடி எல்லோர் முகத்தையும் பார்த்தார். அந்தப் பார்வை தன்மேல் மட்டும் அரை நொடி அதிகமாக நின்றதாகப் பெரியவளுக்குப் பட்டது. நின்றதோ இல்லையோ, காது மடல்வரை சுட்டது.

அன்றுமுதல் ஒவ்வாமைப் பட்டியலைச் சீர்செய்யும் பொறுப்பு சின்னவளுக்கு வந்தது. ஒவ்வொரு வார்டாக, ஒவ்வொரு கட்டிலாகப் போய் உட்கார்ந்து கேட்டாள். என்ன மருந்து, எப்போது சாப்பிட்டீர்கள், சாப்பிட்ட எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது, அதற்குப் பிறகு எப்போதாவது அதே மருந்தைச் சாப்பிட்டீர்களா. காய்ச்சல் மாத்திரை தனக்கு ஆகாது என்று முப்பது வருடமாக எல்லா டாக்டரிடமும் சொல்லிவந்த ஒரு அம்மாளிடம் அரைமணி நேரம் பேசினாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது: அந்த அம்மாள் புருஷனோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கி, வாந்தி எடுத்திருக்கிறாள்.

"அப்ப உங்களுக்கு ஒத்துக்காதது மாத்திரை இல்லம்மா" என்று சின்னவள் சொல்ல, பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தையல் பிரிந்துவிடும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அந்தக் கதை கேன்டீன்வரை போனது. பெரியவள் காதுக்கு மூன்று பேர் மூலமாக மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அவள் சிரித்து வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் பட்டது போதாதென்று வீட்டிலும் இதே பாட்டு. மாமியார் தன் தங்கையிடம் போனில், "இப்ப ஆஸ்பத்திரியே நம்ம சின்னவ சொல்லித்தான் நடக்குது" என்று கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினார். பதினான்கு வருடத்தில் பெரியவளைப் பற்றி அவர் போனில் சொன்னதெல்லாம், "அவளுக்கு டூட்டி, எப்ப வருவான்னு தெரியல" என்பது மட்டும்தான். ராத்திரி சாப்பாட்டில் புருஷனும் சேர்ந்துகொண்டான். "கெட்டிக்காரிதான், இல்ல?" என்றான். பெரியவளின் கரண்டி அவன் தட்டில் கொஞ்சம் ஓங்கி விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டான்.

அதன்பிறகு பெரியவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் வார்டுக்கு வந்ததும், வருகிற நோயாளிகளின் பதிவுகளைத் திறந்து ஒவ்வாமைக் கட்டத்தை முதலில் பார்ப்பாள். சின்னவள் எங்கேயாவது தவறியிருக்க மாட்டாளா என்று தேடுவாள். இது நல்லதற்குத்தானே, இரண்டு கண் பார்த்தால் நல்லதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். ஆனால் ஒவ்வொரு நாளும் தவறு இல்லாமல் இருந்தபோது அவளுக்கு வந்தது ஏமாற்றம்தான்.

இன்னொரு புதன்கிழமை. காலை ஒன்பது மணி. கீழே அவசரப் பிரிவில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் இருக்கிறார், காலில் சீழ் வைத்து வீங்கியிருக்கிறது, ஸ்கேன் முடிந்ததும் மேலே அனுப்புவார்கள் என்று தகவல் வந்தது. கட்டில் ஒதுக்குவதற்காகப் பெரியவள் அவருடைய பதிவைத் திறந்தாள். பெயரைப் பார்த்ததுமே ஆள் நினைவுக்கு வந்துவிட்டார். ஆறு வருடத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தவர். பென்சிலின் வகை ஊசி போட்ட பத்தாவது நிமிடம் உதடு பன் மாதிரி வீங்கி, மூச்சு இழுத்தது. ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவளே அவள்தான்.

திரையில் ஒவ்வாமைக் கட்டம் பச்சையாக இருந்தது. 'எதுவும் இல்லை.'

பழைய குறிப்பைத் தேடித் திறந்தாள். அவள் எழுதிய வரி அங்கேயே இருந்தது: பென்சிலின் ஊசி ஆகாது, கவனம். ஆக, சின்னவள் பட்டியலைத் துடைத்தபோது இதையும் சேர்த்துத் துடைத்திருக்கிறாள். பெரியவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. இத்தனை மாதமாக அடிவயிற்றில் புகைந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்த மாதிரி இருந்தது.

ஒரு போன் போட்டிருக்கலாம். அவசரப் பிரிவின் எண் நான்கு இலக்கம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். கை போனுக்குப் போகவும் செய்தது. பதினொரு மணிக்குக் கூட்டம். இப்போது போன் செய்தால் இரண்டு நிமிடத்தில் யாரோ திருத்திவிடுவார்கள், விஷயம் அத்தோடு முடிந்துவிடும். கூட்டத்தில் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தால், தலைமை டாக்டர் முன்னால் வைத்தால், அது வேறு. மருந்தெல்லாம் எப்படியும் வார்டுக்கு வந்தபிறகுதானே போடுவார்கள், வார்டு என் கையில்தானே இருக்கிறது என்று நினைத்தாள். இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, மடித்து, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த ஒரு மணி நேரம் கூட்டத்தில் எந்தத் தொனியில் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். கோபமாகப் பேசக் கூடாது, வருத்தமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்தாள்.

பத்தேகாலுக்கு வார்டு போன் அடித்தது. அவசரப் பிரிவு நர்ஸ் பேசினாள்.

"அக்கா, அந்த டிரைவர அனுப்பறோம். கால் ரொம்ப மோசமா இருந்ததால டாக்டர் பென்சிலின் முதல் டோஸ இங்கயே ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு. இப்பதான் ஏத்தினேன்."

பெரியவள் ரிசீவரை வைத்தாளா, கீழே போட்டாளா என்று அவளுக்கே தெரியாது. லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் படியில் இறங்கி ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஓட்டுநர் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். நெஞ்சில் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. உதடு அதற்குள் ஒரு பக்கம் வீங்கிவிட்டது. அவள் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாயின் பூட்டை இழுத்து மூடினாள். "பென்சிலின் ஆகாது இவருக்கு, அட்ரினலின் எடுங்க" என்றாள். தொடையில் ஊசி ஏறியது. முகமூடி வந்தது. ஆறு வருடத்துக்கு முன் பிடித்தது போலவே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அரைமணி நேரத்தில் மூச்சு சீரானது. ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதுமே அவசரப் பிரிவு நர்ஸ் எல்லோரிடமும், "டைரி அக்கா மட்டும் ஓடி வரலேன்னா அவ்வளவுதான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். தலைமை டாக்டர் பெரியவளின் தோளைத் தட்டினார். இத்தனை மாதமாக ஏங்கிய தட்டல். அது விழுந்த இடத்தில் அவளுக்குச் சூடு வைத்தது போல இருந்தது.

கூட்டம் மதியத்துக்குத் தள்ளிப்போனது. அதற்குள் பதிவில் என்ன நடந்தது என்று பார்த்து வைக்கும்படி சின்னவளிடம் சொல்லியிருந்தார்கள். மருந்துப் பிரிவின் பின்னறையில் சின்னவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெரியவள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்று காட்டும் பக்கம் திறந்தது.

"இத நான் தொடவே இல்லக்கா" என்றாள் சின்னவள் மெதுவாக. "உங்க மாடியோட பழைய பதிவுகளுக்கு நான் அடுத்த வாரம்தான வரணும்."

'எதுவும் இல்லை' என்ற பதிவுக்கு எதிரே ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி இருந்தது. அதற்குப் பக்கத்தில் பெரியவளின் பெயர்.

அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காகிதக் கோப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிய அந்த இரண்டு வாரம். நானூறு கோப்பு. கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. சரியாக நிரப்ப வேண்டுமானால் மருந்தைத் தேடி, வகையைத் தேடி, என்ன ஆனது என்று வேறு தேட வேண்டும். ஆகவே 'எதுவும் இல்லை' என்று ஒரு தட்டு தட்டிவிட்டு, விஷயத்தைக் குறிப்பில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். மறந்தால்தானே, என் தலையில் இருக்கிறதே என்ற தைரியம்.

சின்னவளின் விரல் திரையின் கடைசி வரிகளுக்கு வந்து நின்றது. இன்று, ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம், பதிவு திறக்கப்பட்டது. ஒன்பது பதினாலு, அச்செடுக்கப்பட்டது. இரண்டுக்கும் எதிரே அதே பெயர்.

சின்னவள் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எமர்ஜென்சிக்குப் போன் பண்ணீங்களாக்கா? லைன் கெடைக்கலையா?"

தப்பித்துப் போக ஒரு கதவை அவள் திறந்து வைக்கிறாள் என்று பெரியவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அந்த நிமிடத்திலும் அவள் வயிறு எரிந்தது. இதிலும் இவள்தான் பெரிய மனுஷியா என்று எரிந்தது. அந்த எரிச்சலில்தான் உண்மை வெளியே வந்தது.

"பண்ணல. நீதான் அழிச்சிட்டேன்னு நெனச்சேன். மீட்டிங்ல வச்சு உன்ன அசிங்கப்படுத்தணும்னு பையில வச்சிருந்தேன்."

சின்னவள் எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அந்த ஆளுக்கு என் வயசுல பொண்ணு இருக்கு. வெளிய உக்காந்து அழுதுட்டு இருந்துச்சு. என்மேல கோவம்னா வீட்டுல ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்ல." கதவைத் திறந்தாள். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க." கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

கூட்டத்தில் பெரியவள் இரண்டு தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒத்திகை பார்த்த பேச்சு எதுவும் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய தட்டலைச் சொன்னாள், ஒன்பது பதினாலைச் சொன்னாள், ஏன் போன் செய்யவில்லை என்பதையும் சொன்னாள். கடைசியில் சொன்னதைக் கேட்டபிறகு யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமை டாக்டர் மட்டும், "இத எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

வார்டுப் பொறுப்பு போனது. விசாரணை நடந்தது. வேலை போகவில்லை, ஓடிப் போய்க் குழாயை மூடியதை அவளுக்குச் சாதகமாக எழுதியிருந்தார்கள். வீட்டில் விஷயம் தெரிந்தபோது மாமியார் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. புருஷன் பேசினான், ஆனால் யோசித்து யோசித்துப் பேசினான். சின்னவள் தேவைக்கு மட்டும், சமையலறையில், முகம் பார்க்காமல் பேசினாள்.

நான்காம் நாள் பெரியவள் ஓட்டுநரிடம் போனாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கீழ கேட்டாங்க சிஸ்டர், அலர்ஜி இருக்கான்னு. தூசி பட்டா தும்மல் வருமே, அதுன்னு நெனச்சு இல்லேன்னுட்டேன். ஊசி போட்டு மூச்சு முட்டுனத யாரும் அலர்ஜின்னு எங்கிட்ட சொன்னதே இல்ல." பிறகு சொன்னார்: "உங்கமேல கோவம் இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். போன தடவையும் நீங்கதான மாஸ்க்க மூஞ்சில புடிச்சீங்க, அதான் திட்ட வாய் வரல."

விசாரணைக்காகப் பதிவைத் திருத்தாமல், கட்டிலில் ஒரு சிவப்பு அட்டை மட்டும் மாட்டி வைத்திருந்தார்கள். அவள் அங்கேயே வார்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கட்டத்தைத் திறந்தாள். மருந்தின் பெயர், எத்தனை நிமிடத்தில், உதடு வீக்கம், மூச்சுத் திணறல், இரண்டு முறை, இரண்டு தேதி, கடுமையானது. பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

பொறுப்பு இல்லாததால் அவளுக்கு நேரம் இருந்தது. அவள் அந்நாளில் தட்டிவிட்டுப் போன நானூறு பதிவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, குறிப்பைப் படித்து, நோயாளிகளுக்குப் போன் செய்து கேட்டு, கட்டத்தில் ஏற்ற ஆரம்பித்தாள். முப்பத்தெட்டுப் பேருக்கு உண்மையான ஒவ்வாமை இருந்தது. சந்தேகம் வந்ததைச் சின்னவளிடம்தான் கேட்டாக வேண்டும். கேட்டாள். முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. போகப்போக ஒரு வரி வந்தது. ஒருநாள் சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில் மூன்றாம் மாடியின் பட்டியல் முழுதும் சரியாகிவிட்டது என்று தலைமை டாக்டர் சின்னவளைப் பாராட்டினார். சின்னவள் எழுந்து, "அது நான் செய்யல மேடம், அக்கா செஞ்சாங்க" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே, இதையும் இவள் சொல்லித்தானா ஊர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உள்ளே சுருக்கென்று ஒன்று தைத்தது. அவள் அதை வெளியே காட்டவில்லை. அன்று மாலை பஸ்ஸில் சின்னவளுக்கு இடம் பிடித்து வைத்தாள். சின்னவள் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பெரியவள் தோளை அசைக்காமல் வீடுவரை வந்தாள்.